திறைசேரி உண்டியல்: வங்குரோத்தான அரசாங்கத்துக்குக் கடன் கொடுக்கலாமா?

கேள்வி நியாயமானது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டப் போவதில்லை என்று இலங்கை தானே அறிவித்தது. அடுத்த மாதம், கையில் பயன்படுத்தக்கூடிய டொலர் 50 மில்லியன்கூட இல்லை என்று அப்போதைய நிதியமைச்சர் அலி சப்ரி நாடாளுமன்றத்தில் சொன்னார். அப்படிப்பட்ட அரசாங்கம் வெளியிடும் பத்திரத்தைச் சேமிப்பாக வாங்கச் சொன்னால் யாருக்கும் தயக்கம் வரும். ஆனாலும் ஒரு வருடத்துக்குள் தேவைப்படும் ரூபாவைப் போட்டுவைக்க, திறைசேரி உண்டியல் இன்றும் நாட்டில் உள்ள நல்ல பொருட்களில் ஒன்று. அதன் ஆபத்துகள் பெரும்பாலானோர் பயப்படும் இடத்தில் இல்லை, வேறு இடங்களில் இருக்கின்றன.

முதலில் பொருளைப் பார்ப்போம். உண்டியல் மூன்று அளவில் வரும்: 91 நாள், 182 நாள், 364 நாள். மூன்றும் ஏழால் வகுபடும் எண்கள். புதன்கிழமை ஏலம், வெள்ளிக்கிழமை பணம் கைமாறும். அதனால் வெள்ளியில் வாங்கியது வெள்ளியிலேயே முதிரும். போயா போன்ற விடுமுறை குறுக்கிட்டால் நாள் தள்ளிப்போகும். மாத வட்டி கிடையாது. முகப்பெறுமதியைவிடக் குறைந்த விலைக்கு வாங்கி, முதிர்வில் முழுத்தொகையைப் பெறுவதுதான் முறை. 8 சதவீத விளைவில் (அதாவது வருடக் கணக்கிலான வட்டி வீதத்தில்) 364 நாள் உண்டியலின் விலை 100 ரூபாவுக்கு ஏறத்தாழ 92 ரூபா 60 சதம், 91 நாள் உண்டியலுக்கு 98 ரூபா 4 சதம். 10 இலட்சம் முகப்பெறுமதிக்கு இன்று 9 இலட்சத்து 26 ஆயிரம் ரூபாவளவில் கட்டுகிறீர்கள், ஒரு வருடத்தில் 10 இலட்சம் கணக்குக்கு வரும். மாதாமாதம் செலவுக்கு வட்டி எடுத்துப் பழகிய ஓய்வூதியர்களுக்கு இது பெரிய குறை. 91 நாள் உண்டியல்களை மாதத்துக்கு ஒன்றாகப் பிரித்து வாங்கினால் சமாளிக்கலாம். ஆனால் அதற்குக் கொஞ்சம் கணக்கு எழுதிவைக்கும் பழக்கம் வேண்டும்.

பொதுமக்கள் நேரே ஏலத்துக்குப் போக முடியாது. ஏலத்தில் விலை கேட்பவர்கள் அதற்கென மத்திய வங்கி நியமித்த முதனிலை வணிகர்கள்தான், சில வணிக வங்கிகளும் அவர்களில் அடக்கம். நீங்கள் அவர்களுடைய வாடிக்கையாளர். கணக்குத் திறக்கத் தேசிய அடையாள அட்டைப் பிரதி, முகவரிக்கு அண்மைய மின்கட்டண அல்லது தண்ணீர்க் கட்டணப் பட்டியல், வங்கிக் கணக்கு விபரம், வரி அடையாள இலக்கம் ஆகியவற்றைக் கேட்பார்கள். நம்மவர்கள் அதிகம் சிக்குவது பெயரில்தான். அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முன்னால், வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்து மட்டும், வரி இலக்கத்தில் பெயர் பின்முன்னாக இருக்கும். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் கணக்குத் திறக்கவே கிழமைக் கணக்கில் இழுபடும். திறந்த பிறகும் முதிர்வுப் பணம் போய்ச் சேராமல் திரும்பலாம். திரும்பிய பணத்துக்கு வட்டி ஓடாது. ஆகவே முதலில் பெயர்களைச் சரிசெய்துவிட்டு விண்ணப்பம் கொடுங்கள்.

ஆகக் குறைந்த தொகை ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு. ஒரு இலட்சத்துக்கும் எடுப்பவர்கள் உண்டு, பத்து இலட்சத்துக்குக் கீழே பேச விரும்பாதவர்களும் உண்டு. செவ்வாய்க்கிழமை அல்லது புதன் காலையில் தொகையையும் காலத்தையும் சொல்லி, வெள்ளிக்கு முன் பணம் தயாராக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். புதன் பின்னேரம் மத்திய வங்கியின் தளத்தில் நிறையேற்றிய சராசரி விளைவு வீதம், அதாவது அன்றைய ஏலத்தின் சராசரி வட்டி, வந்துவிடும். உங்களுக்குத் தரப்படும் வீதம் அதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும், வணிகரின் இலாபம் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. இரண்டு மூன்று இடங்களில் கேட்டால் வித்தியாசம் தெரியும். பெரும்பாலான வங்கிக் கிளைகளில் இதைப் பற்றிக் கேட்டால் முதலில் நிலையான வைப்புப் படிவத்தைத்தான் நீட்டுவார்கள். அவர்களுடைய இலக்கு அது. உண்டியல்தான் வேண்டும் என்று நின்றால் தலைமையகத்தின் திறைசேரிப் பிரிவுக்குத் தொடர்பு எடுத்துத் தருவார்கள்.

அடுத்தது மிக முக்கியமான இடம். இப்போது காகிதப் பத்திரம் எதுவும் கிடையாது. வாங்கிய உண்டியல் மத்திய வங்கியின் லங்காசெக்குயர் மத்திய வைப்பகத்தில், உங்கள் பெயரிலுள்ள கணக்கில் பதிவாக வேண்டும். வணிகர் தரும் பற்றுச்சீட்டு அழகாக அச்சடித்திருக்கலாம், அது சொத்துக்கு அத்தாட்சி ஆகாது. வைப்பகத்திலிருந்து வரும் கணக்குக்கூற்றுத்தான் அத்தாட்சி. அதில் பிணையத்தின் (அதாவது உங்கள் உண்டியலின்) இலக்கம், முகப்பெறுமதி, முதிர்வுத் திகதி மூன்றும் வணிகர் தந்த சீட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் அன்றே எழுத்தில் கேளுங்கள். அரசாங்கம் கடன் கட்டத் தவறும் என்று பயந்துகொண்டிருக்கும்போது இடையில் நிற்பவர் கவிழ்ந்துபோவது புதிதல்ல. 2016 இல் முதனிலை வணிகர் நிறுவனம் ஒன்று நெருக்கடியில் விழுந்து மத்திய வங்கி தலையிட வேண்டி வந்தது. அரசாங்கம் அப்போது ஒரு சதமும் தவறவில்லை. வாடிக்கையாளர் பெயரில் இருக்க வேண்டிய பிணையங்கள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தனவா என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி.

இதோடு சேர்த்துக் கவனிக்க வேண்டியது மீள்கொள்வனவு என்ற வகை. ஒரு கிழமைக்கு, ஒரு மாதத்துக்கு என்று கொஞ்சம் கூடுதலான வட்டிக்கு விற்பார்கள். அது உண்டியல் அல்ல. உண்டியலை ஈடாக வைத்து வணிகருக்கு நீங்கள் கொடுக்கும் கடன். ஈடு உங்கள் பெயருக்கு வைப்பகத்தில் மாற்றப்பட்டதா, கொடுத்த பணத்தைவிட அதன் பெறுமதி கொஞ்சம் அதிகமா என்று கேளுங்கள். இரண்டு கேள்விக்கும் நேரான பதில் வராவிட்டால் வேண்டாம்.

இனி, எல்லோரும் கேட்கும் கேள்வி. அரசாங்கம் இதைக் கட்டாமல் விடுமா?

2022 இல் நிறுத்தப்பட்டது வெளிநாட்டுக் கடன். டொலரை அச்சடிக்க முடியாது என்பதால் அது நின்றது. ரூபா உண்டியல்கள் அந்த வருடம் முழுக்க ஒவ்வொரு வெள்ளியும் முதிர்ந்து, ஒவ்வொரு வெள்ளியும் கட்டப்பட்டன. பயம் உச்சத்துக்குப் போனது அதற்கடுத்த வருடம், அரசாங்கம் உள்நாட்டில் வாங்கிய கடனின் காலத்தையும் வட்டியையும் மாற்றும் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது. 2023 ஜூன் 29 ஹஜ்ஜுப் பெருநாள், 30 விசேட வங்கி விடுமுறை, பிறகு சனி, ஞாயிறு, திங்கள் போயா. வங்கிகள் ஐந்து நாள் பூட்டியிருந்தன. வைப்பில் கை வைக்கப் போகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. ஜூலை 1 அன்று நாடாளுமன்றத்தில் 122க்கு 62 என்ற வாக்கில் மறுசீரமைப்புத் தீர்மானம் நிறைவேறியது. செவ்வாய் வங்கி திறந்தபோது வைப்புகளில் ஒன்றும் மாறியிருக்கவில்லை, தனியார் வைத்திருந்த உண்டியல்களும் அப்படியே இருந்தன. மத்திய வங்கி தன்னிடம் வைத்திருந்த உண்டியல்கள் மட்டும் முறிகளாக, அதாவது பல வருடம் கழித்து முதிரும் அரச கடன் பத்திரங்களாக, மாற்றப்பட்டன.

அடி விழுந்தது ஊழியர் சேமலாப நிதி போன்ற ஓய்வூதிய நிதியங்களுக்கு. கையிலிருந்த திறைசேரி முறிகளைக் கொடுத்து 2027 முதல் 2038 வரை முதிரும் புதிய முறிகளை எடுக்க வேண்டும். அவற்றுக்கு 2025 வரை 12 சதவீதம், அதன்பின் 9 சதவீதம் வட்டி. மாட்டோம் என்றால் முறி வருமானத்துக்கு 14 சதவீத வரிக்குப் பதில் 30 சதவீதம். சட்டப்படி அது தெரிவு. தெரிவு என்று சொல்வதற்கே கொஞ்சம் துணிவு வேண்டும். சம்பளத்தில் 8 சதவீதம் வெட்டப்பட்டுத் தொழில்கொடுநர் 12 சதவீதம் சேர்த்துப் போடும் அந்த நிதியில், எந்தப் பத்திரம் வாங்குவது என்று எந்தத் தொழிலாளியிடமும் யாரும் கேட்டதில்லை. தோட்டத்தில் கொழுந்து எடுப்பவரும் ஆடைத் தொழிற்சாலையில் நிற்பவரும் அரசாங்கக் கடனின் சுமையைத் தூக்கினார்கள். அதேநேரம் 30 சதவீதத்துக்கு உண்டியல் வாங்கியவர் முழுப்பணத்தையும் எடுத்துக்கொண்டு போனார். இந்தப் பொருளை மதிப்பிடும்போது இந்த அநீதியைச் சொல்லாமல் விட முடியாது. அது வாங்குபவரின் குற்றமும் அல்ல.

உண்டியலை ஏன் தொடவில்லை? அது ஒவ்வொரு கிழமையும் சுழன்றுகொண்டே இருக்க வேண்டிய கடன். இந்த வெள்ளி முதிர்வதைக் கட்ட, இந்தப் புதன் ஏலத்தில் புதிதாக வாங்கப்பட வேண்டும். ஒருமுறை கை வைத்தால் அடுத்த புதன் யாரும் வரமாட்டார்கள், அரசாங்கத்துக்குச் சம்பளம் போடவும் காசு இருக்காது. கானாவும் அதே காலத்தில் உள்நாட்டுக் கடனை மாற்றியபோது உண்டியல்களை ஒதுக்கியே வைத்தது. ஆனால் இது சட்டம் தரும் உத்தரவாதம் அல்ல, கணக்குப் பார்த்து எடுக்கும் முடிவு. ரஷ்யா 1998 ஓகஸ்டில் குறுகியகால ரூபிள் பத்திரங்களையே கட்டாமல் நிறுத்தியது. ஆர்ஜென்டினா 2019 ஓகஸ்டில் நிறுவனங்கள் வைத்திருந்த குறுகியகாலப் பத்திரங்களின் முதிர்வைத் தள்ளிப்போட்டது, தனியாட்களை விட்டுவிட்டது. ‘உண்டியலைத் தொடவே மாட்டார்கள்’ என்று உறுதி கூறும் முகவரை நம்ப வேண்டாம்.

உண்மையில் பணம் கரைந்த வழி வேறு. 2022 இறுதியில் 91 நாள் உண்டியல் 32 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. கேட்கப் பெரிய வட்டி. ஆனால் அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். 2022 தொடக்கத்தில் 8 சதவீதத்துக்கு 364 நாள் உண்டியல் எடுத்தவருக்கு அரசாங்கம் சொன்ன நாளில் சொன்ன தொகையைக் கொடுத்தது. அந்தத் தொகைக்கு வாங்கக்கூடிய அரிசியும் மண்ணெண்ணெயும்தான் அதற்குள் சுருங்கிப்போயின. கட்டத் தவறுவதை ரூபாவில் செய்யத் தேவையில்லை, விலைவாசி அந்த வேலையைச் செய்துவிடும். அரசாங்கத்தின் கடனை மத்திய வங்கி காசு அச்சடித்து வாங்கியது இதற்குப் பெரிய காரணம். 2023 இன் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் அந்தக் கதவைப் பூட்டியிருக்கிறது. பூட்டு எவ்வளவு காலம் நிற்கும் என்பது அடுத்தடுத்த அரசாங்கங்களின் கையில்.

வெளிநாட்டில் இருந்து பணம் அனுப்பி வாங்க நினைக்கும் நம்மவர்களுக்கு இது இன்னும் கூர்மையாகத் தெரியும். உள்முக முதலீட்டுக் கணக்கு என்று ஒன்றை இங்குள்ள வங்கியில் திறந்தால், டொலரோ பவுணோ அதன் வழியாக வந்து, முதிர்வில் அதன் வழியாகவே திரும்பப் போகலாம். வழி நேரானது, நாணய மாற்றுத்தான் சூதாட்டம். 2022 தொடக்கத்தில் 1,000 டொலரை 200 ரூபாவளவில் மாற்றி 8 சதவீதத்துக்கு 364 நாள் போட்டவருக்கு முதிர்வில் கிடைத்தது 2 இலட்சத்து 16 ஆயிரம் ரூபா. அப்போது டொலர் 360ஐத் தாண்டியிருந்தது. திரும்ப மாற்றினால் 600 டொலர். சரியாக ஒரு வருடம் கழித்து அதே 1,000 டொலரை 360க்கு மாற்றி 29 சதவீதத்துக்கு எடுத்தவருக்கு ரூபா வலுப்பெற்றதால் 1,400 டொலருக்கு மேல் வந்தது. இருவர் வாங்கியதும் ஒரே பொருள், ஒரே அரசாங்கம். இந்த வித்தியாசத்தைத் தாங்க முடியாதவர் வெளிநாட்டுப் பணத்தை இதில் போடக் கூடாது. டொலரிலேயே வட்டி தருகிறோம் என்று விற்ற இலங்கை அபிவிருத்தி முறிகளை வாங்கியவர்கள் தப்பவில்லை என்பதையும் நினைவில் வைக்கலாம். அவை 2023 மறுசீரமைப்புக்குள் போயின.

இடையில் பணம் தேவைப்பட்டால் உண்டியலை விற்கலாம். விற்கும் விலை அன்றைய வட்டியைப் பொறுத்தது. 92.60க்கு வாங்கிய 364 நாள் உண்டியலை ஆறு மாதத்தில் விற்கிறீர்கள் என்று வையுங்கள். வட்டி 8 சதவீதத்திலேயே இருந்தால் 96 ரூபா 15 சதம் கிடைக்க வேண்டும். 12 ஆகியிருந்தால் 94 ரூபா 34 சதம்தான். 2022 ஜனவரியில் வாங்கியதை ஏப்ரல் முடிவில், வட்டி 24 சதவீதமளவுக்கு ஏறியபின் விற்க வேண்டி வந்தவருக்கு 85 ரூபாதான் கணக்கு வரும், முதலே நட்டம். அதற்குமேல் வணிகர் தன் பங்கையும் கழிப்பார். மருத்துவச் செலவுக்கு, பிள்ளையின் பல்கலைக்கழகத் தவணைக்கு என்று ஒதுக்கிய பணம் என்றால் அந்தத் திகதிக்கு முன்னால் முதிரும் உண்டியலாகப் பார்த்து எடுப்பதே வழி. பயத்தில் விற்றவர்கள்தான் அந்த வருடம் அதிகம் இழந்தார்கள், முதிர்வு வரை வைத்திருந்தவருக்கு ரூபாக் கணக்கில் நட்டம் இல்லை.

நிலையான வைப்போடு ஒப்பிட்டால்? வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரைதான். அதற்கு மேற்பட்ட வைப்பு அந்த வங்கியின் மீதுள்ள நம்பிக்கை. வங்கிகளும் உங்கள் வைப்பை எடுத்துப் பெருமளவில் அரச பிணையங்களைத்தான் வாங்கி வைத்திருக்கின்றன. அரசாங்கத்துக்குப் பயந்து வங்கிக்குப் போகிறவர் ஒரு சுற்று சுற்றி அதே வாசலில்தான் நிற்கிறார். 11 இலட்சத்துக்கு உட்பட்ட தொகைக்கு நிலையான வைப்பின் வசதி மேல். கிளை பக்கத்தில் இருக்கும், அவசரத்துக்கு அதன் மேல் கடன் எடுக்கலாம், வட்டியில் கொஞ்சம் இழந்து உடைக்கலாம். பெரிய தொகைக்கு உண்டியல் மேல். 2025 நடுப்பகுதியில் 364 நாள் உண்டியல் 8 சதவீதத்தையொட்டி இருந்தது. அந்த அளவில் இரண்டுக்கும் வட்டியில் பெரிய தூரம் இல்லை, ஆகவே தொகையையும் வசதியையும் வைத்தே முடிவெடுக்கலாம்.

வரியைக் கழித்தே கணக்குப் பாருங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் வட்டி மீதான நிறுத்திவைத்தல் வரி 5 இலிருந்து 10 சதவீதமானது. 10 இலட்சம் முகப்பெறுமதியில் வரும் 74,000 ரூபா வருமானத்தில் 7,400 போனால் கையில் நிற்பது 66,600 அளவு. 8 என்று விளம்பரப்படுத்தப்படுவது 7.2. வருட வருமானம் 18 இலட்சத்துக்கு மேற்படாதவர்கள் சுய பிரகடனம் கொடுத்து வைப்பு வட்டியில் வரி வெட்டாமல் தவிர்க்கும் வழி உண்டு. உண்டியலுக்கும் அதை ஏற்கிறார்களா என்று பணம் கட்டுவதற்கு முன் வணிகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்தக் காலத்தை எடுப்பது என்பதில் பலரும் தவறுவது ஒரே மாதிரி. 2022 இறுதியில் 91 நாள் 32, 364 நாள் 29 என்று நின்றபோது கூட்டம் 91 நாளுக்குத்தான் ஓடியது. மூன்று சதவீதம் கூட, பணமும் சீக்கிரம் வரும் என்ற கணக்கு. பிறகு முதிர்ந்த பணத்தை ஒவ்வொரு முறை மறுபடி போடும்போதும் வட்டி இறங்கிக்கொண்டே போய், 2023 முடிவில் 14.5 அளவுக்கு வந்தது. 29இல் பூட்டியவர் வருடம் முழுக்க 29 வாங்கினார். வீதங்கள் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும்போது பாதியை 364 நாளிலும் மீதியை 91, 182 நாட்களிலும் வைப்பது எந்தப் பக்கம் போனாலும் அதிகம் நோகாது. ‘முதிர்ந்ததும் தானாகப் புதுப்பிக்கவும்’ என்ற பெட்டியில் அடையாளம் போடாதீர்கள். அப்படிப் புதுப்பிக்கப்படும் வீதம் ஏல வீதத்தைவிட எவ்வளவு குறைவு என்று யாரும் உங்களை அழைத்துச் சொல்லப்போவதில்லை.

இரண்டு, மூன்று வருடத்துக்கு மேல் நீளும் திறைசேரி முறிகளை இந்தச் சிபாரிசுக்குள் சேர்க்கவில்லை. மறுசீரமைப்பு மறுபடி வந்தால் முதலில் பார்க்கப்படுவது முறிகள்தான். சர்வதேச நாணய நிதியத்தோடு ஒத்துக்கொண்ட இலக்குப்படி 2032 இல் அரச கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 95 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். பாதை நீளமானது. 2024 டிசம்பரில் சர்வதேச முறிகளின் மாற்றீடு முடிந்து கடன் தரமிடும் நிறுவனங்களான ஃபிட்ச், மூடிஸ் இரண்டும் நாட்டின் தரத்தை உயர்த்தின. உயர்த்தியும் அது முதலீட்டுத் தரத்துக்கு இன்னும் வெகு கீழேதான்.

பயம் வரும்போது வதந்தியை விட்டு மூன்று எண்களைப் பாருங்கள். மூன்றும் மத்திய வங்கித் தளத்தில் இலவசம். புதன் ஏலத்தில் வழங்க முன்வந்த தொகை முழுவதும் ஏற்கப்பட்டதா? ஒரு கிழமை குறைந்தால் பரவாயில்லை, தொடர்ந்து பாதிதான் ஏற்கப்பட்டால் கேட்கும் வட்டிக்குக் கொடுக்க அரசாங்கம் விரும்பவில்லை அல்லது வாங்க ஆளில்லை. 91 நாள் வீதம் 364 நாள் வீதத்தைத் தாண்டுகிறதா? 2022 இல் தாண்டியது. மூன்றாவது, மத்திய வங்கியின் கைவசமுள்ள அரச பிணையங்களின் தொகை. மறுசீரமைப்புக்குப் பின் அது 2.5 டிரில்லியன் ரூபாவையொட்டி அசையாமல் நிற்கிறது. அது கிழமைக்குக் கிழமை ஏறத் தொடங்கினால் புதிய உண்டியல் எடுப்பதை நிறுத்திவிட்டு, கையிலிருப்பதை முதிரவிட்டு எடுங்கள்.